சிகிரியாவின் உச்சியில் ஒரு குளம்

சிகிரியாவுக்குப் போகும் எவரும் மேற்கு வாசலைக் கடந்ததும் தலையை நிமிர்த்திக்கொள்வார்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கும் கல்லை அண்ணாந்து பார்த்தபடியே அடிவாரம் வரை நடந்துவிடுவார்கள். கடந்த பங்குனியில் வவுனியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் கமக்காரர் அமைப்பிலிருந்து பஸ் பிடித்துப் போன 41 பேரில் ஒருவர் மட்டும் அப்படிச் செய்யவில்லை. அவர் அந்தக் கிராமத்துக் குளத்தின் பழைய வட்டவிதானை. வயது 74. முழங்காலில் வருத்தம். படி ஏறமாட்டேன் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டு வந்தவர். அவர் பார்த்ததெல்லாம் தரையைத்தான்.

பாறையின் மேற்கே நீண்டு கிடக்கும் நீர்த்தோட்டத்தை 5-ஆம் நூற்றாண்டில் அமைத்தவர்கள், பாதையின் இந்தப் பக்கம் என்ன வெட்டினார்களோ அதையே அந்தப் பக்கமும் வெட்டியிருக்கிறார்கள். நடுவில் தீவுபோல ஒரு மேடை, அதைச் சுற்றி நான்கு தடாகங்கள். கொஞ்சம் தள்ளி ஆழமில்லாத ஓடை பாம்புபோல வளைந்து வருகிறது. அதன் ஓரத்தில் வட்டமான சுண்ணக்கல் தட்டுகள், தட்டுகளில் சிறு துளைகள். இவைதான் நீரூற்றுகள். மாரியில் தடாகங்கள் நிரம்பினால் இன்றைக்கும் இந்தத் துளைகளில் தண்ணீர் எழும். பங்குனி வெயிலில் அவை காய்ந்து கிடந்தன.

வட்டவிதானை ஐயா குனிந்து ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். காவலுக்கு நின்றவர் ஏதோ சொல்ல வந்தார். ஐயாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். இரண்டு பேரும் அரை மணி நேரம் கதைத்தார்கள். தண்ணீர் எங்கே நின்றது, எந்த வழியாக நிலத்துக்குக் கீழே வந்தது, எவ்வளவு உயர வித்தியாசம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். ஏறாமல் நின்ற இன்னும் சிலர் பக்கத்தில் வந்தபோது அவர் சொன்ன விளக்கம் ஒரே வரிதான்: "மேட்டில நிக்கிற தண்ணிதான் பள்ளத்தில குதிக்குது. மோட்டரும் இல்லை, மந்திரமும் இல்லை."

அந்த வரியைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காரணம் இருந்தது. பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப்பேர் மற்றப் பாதிப்பேருடன் அந்த நாட்களில் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சண்டை மேட்டுத் தண்ணீருக்கும் பள்ளத்து வயலுக்கும் இடையில்தான்.

அவர்களுடைய குளம் சிறிய குளம். கீழே 84 ஏக்கர் வயல். காலபோகம் பிழையில்லை, அறுவடையும் முடிந்துவிட்டது. ஆனால் வடகீழ்ப் பருவமழை முன்கூட்டியே ஓய்ந்துபோனதால், துரிசடியில் 10 அடி நிற்கவேண்டிய தண்ணீர் 4 அடி 8 அங்குலம்தான் நின்றது. அதை வைத்துச் சிறுபோகத்தில் 30 ஏக்கருக்கு மேல் நெல் விதைக்க முடியாது என்பது வட்டவிதானை ஐயாவின் கணக்கு. அவருடைய கணக்கு பிழைத்ததாக ஊரில் எவரும் சொன்னதில்லை. பிரச்சினை, அந்த 30 ஏக்கரை யார் விதைப்பது என்பதில். துரிசுக்குக் கிட்ட உள்ள 30 ஏக்கரும் ஒன்பது குடும்பங்களின் காணி. மீதி 54 ஏக்கர் 23 குடும்பங்களுக்கு. தண்ணீர் குறைந்த காலத்தில் துரிசுக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் செய்கைக்கு எடுத்து, அதை எல்லாக் காணிக்காரருக்கும் அவரவர் பங்குக்கு ஏற்ப அந்த ஒரு போகத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பது பழைய வழக்கம். சிங்களக் கிராமங்களில் அதைப் 'பெத்ம' என்பார்கள். கடைசி வாய்க்கால்காரர் அதைத்தான் கேட்டார்கள்.

முன்வாய்க்கால்காரர் மறுத்ததற்கும் நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது சரியல்ல. துரிசடியில் நாலரை ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், முன்பு ஒரு தடவை பங்குமுறையில் காணி கொடுத்தவர். எடுத்துச் செய்தவர்கள் வரப்பைச் செதுக்கவில்லை. அவர்கள் கொண்டுவந்த விதைநெல்லோடு பன்றிநெல்லும் வந்து சேர்ந்தது. அதைக் களைய அவருக்கு நான்கு போகம் பிடித்தது. பன்றிநெல் ஒருமுறை வயலுக்குள் இறங்கினால் என்ன பாடு என்பது இந்த இதழை வாசிப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கதிர் முற்றுமுன்பே மணி உதிர்ந்து, அடுத்த போகத்துக்குத் தானே விதைத்துக்கொள்ளும்.

போகக் கூட்டத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. சுற்றுலா அதற்காக ஒழுங்கு செய்யப்பட்டதல்ல. அமைப்பின் சேமிப்பில் ஆண்டுக்கு ஒரு பயணம் போவது வழக்கம். திகதி அப்படி வாய்த்துவிட்டது. அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்ட பஸ்ஸில் முன்வாய்க்கால்காரர் முன் இருக்கைகளிலும் கடைசி வாய்க்கால்காரர் பின் இருக்கைகளிலும் தாமாகவே அமர்ந்துகொண்டதைச் சாரதி மட்டும் கவனிக்கவில்லை.

ஏறியவர்கள் 29 பேர். கல்லின் உச்சிக்கு 1,200 படிகள் வரை. வயலில் நாள்முழுக்க நிற்பவர்களுக்கும் மூச்சு வாங்கும். வெயில் ஏறுமுன் 7 மணிக்கே தொடங்குவது நல்லது. வழியில் சத்தம் போட வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது மரியாதைக்காக அல்ல. பாறையின் இடுக்குகளில் பெருந்தேனீக்கூடுகள் தொங்குகின்றன. கலைந்தால் ஓட இடம் இல்லை.

பாதி உயரத்தில் சுழற்படி ஏறினால் ஓவியங்கள். உலகம் முழுக்கப் படம் போட்டுக் காட்டிய அந்தப் பெண்களைப் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஓவியங்களுக்கு அடியில் பாறையில் பூசிய பூச்சில் களிமண்ணோடு நெல் உமியையும் தென்னந்தும்பையும் பிசைந்திருக்கிறார்கள். வழிகாட்டி இதைச் சொன்னதும் முன்னால் நின்ற இளைஞர்கள் பெண்களை விட்டுவிட்டுப் பூச்சைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1,500 வருடத்துக்கு முன் யாரோ ஒரு கமக்காரரின் களத்தில் புடைத்த உமி அது. சுண்ணாம்பு வெடிக்காமல், மண் பிளக்காமல் பிடித்து வைத்திருப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது. நம் ஆட்கள் உமியைக் குவித்து எரிக்கிறார்கள்.

சிங்கப் பாதங்களைக் கடந்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தவர்களில், கடைசி வாய்க்காலில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெண்ணும் இருந்தார். கணவர் இல்லை, மகளின் படிப்பு அந்த இரண்டு ஏக்கரில்தான் போகிறது. உச்சி ஏறத்தாழ ஒன்றரை ஹெக்டயர். மாளிகையின் அத்திவாரம் மட்டும் மிச்சம். அதன் நடுவே பாறையைக் குடைந்து வெட்டிய குளம் ஒன்று, ஏறத்தாழ 27 மீற்றர் நீளம், 21 மீற்றர் அகலம். பங்குனி வெயிலிலும் அதில் பச்சைத் தண்ணீர் நின்றது. மழைநீரை வழிநடத்தப் பாறையிலேயே வெட்டிய வாய்க்கால்களும் தெரிகின்றன. கல்லின் உச்சியில் குளம் கட்டியவனுடைய கெட்டித்தனத்தை எல்லாரும் வியந்துகொண்டு நிற்க, அவர் மட்டும் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

"இவ்வளவு தண்ணியும் மேல நிண்டா, கீழ இருந்த சனத்துக்கு என்ன செய்தவை?"

பக்கத்தில் நின்ற இளைஞன் தெற்கே கையைக் காட்டினான். மரங்களுக்கு அப்பால் சிகிரியாக் குளம் மின்னியது. "கீழயும் குளம் இருக்குது அக்கா. இதவிடப் பெரிசு. பழைய காலத்தில கரை இந்தக் கல்லடியில இருந்து அங்கால மாபாகல மட்டும் போனதாம்."

அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "அப்ப சரி" என்றார்.

தம்புள்ளைக்குத் திரும்பும் வழியில், கூட வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒலிவாங்கியை எடுத்தார். சுற்றுலா பஸ்ஸில் வழக்கமாகப் பாட்டுப் போடும் நேரம் அது. அவர் சிகிரியாக் கதையைத் தொடங்கினார், ஆனால் சிகிரியாவிலிருந்து தொடங்கவில்லை. தாதுசேனன் என்ற அரசன். பாண்டியரிடமிருந்து அநுராதபுரத்தை மீட்டு, கலாவெவ என்னும் பெருங்குளத்தைக் கட்டியவன். அவனுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள்: பட்டத்து அரசிக்குப் பிறந்த முகலன், அரசகுலம் அல்லாத தாய்க்குப் பிறந்த காசியப்பன். சேனாபதி மிகாரனோடு சேர்ந்துகொண்டு காசியப்பன் தகப்பனைச் சிறையில் போட்டான். முகலன் இந்தியாவுக்குத் தப்பி ஓடினான். கிழவன் எங்கேயோ பெரும் திரவியம் ஒளித்து வைத்திருக்கிறான் என்று மிகாரன் ஓத, காசியப்பன் ஆள் அனுப்பிக் கேட்டான். கலாவெவவுக்குக் கூட்டிப்போனால் காட்டுகிறேன் என்றான் தாதுசேனன்.

ஓர் உடைந்த வண்டியில் அனுப்பினார்கள். வழியில் வண்டிக்காரன் தான் தின்ற பொரியில் கொஞ்சம் கொடுத்தான். அரசன் சந்தோசமாக வாங்கித் தின்றான். குளத்தில் இறங்கி முழுகினான். தண்ணீரைக் குடித்தான். பிறகு இரண்டு கையிலும் அள்ளி, தன்னிடம் உள்ள செல்வம் இவ்வளவுதான் என்று காட்டினான். இது சூளவம்சத்தில் உள்ள கதை. கோபம் கொண்ட காசியப்பன் தகப்பனைச் சுவரோடு வைத்து மண்ணால் பூசிக் கொல்லச் செய்தான். பிறகு தம்பிக்குப் பயந்து இந்தக் கல்லில் ஏறிக்கொண்டான். 477 முதல் 495 வரை 18 வருடம். முகலன் படையோடு திரும்பி வந்தபோது காசியப்பனே கீழே இறங்கிப் போருக்குப் போனான். முன்னால் சதுப்பு நிலம் கண்டு அவனுடைய யானை வழி திருப்ப, அரசன் பின்வாங்குகிறான் என்று நினைத்துப் படை சிதறியது. அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான்.

"சேறு தெரிஞ்ச ஒருத்தன் பாகனா இருந்திருந்தா ஆள் தப்பியிருப்பார்" என்று பின் இருக்கையில் ஒருவர் சொல்ல, முன் இருக்கைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். தாதுசேனனும் சுத்தமான ஆள் அல்ல. குளக்கட்டுக்கு மண் போடும்போது, தியானத்தில் இருந்த பிக்கு ஒருவரை எழுப்ப முடியாமல் போக, அவர்மேலேயே மண்ணைக் கொட்டச் செய்தான் என்றும், சுவருக்குள் செத்தது அந்த வினை என்றும் அதே சூளவம்சம் சொல்கிறது. பெரிய வேலை செய்தவனின் அநியாயத்தையும் சேர்த்து எழுதிவைத்த அந்தக் காலத்து எழுத்தாளரைப் பாராட்டத்தான் வேண்டும்.

தம்புள்ளைப் பாறைக்கோவிலுக்கு ஏறுவது சிகிரியாவோடு ஒப்பிட்டால் சுலபம். வட்டவிதானை ஐயாவும் இரண்டு பேரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். மேலே செருப்பைக் கழற்ற வேண்டும். மதியத்தில் பாறை சுடும், காலுறை கொண்டுபோவது புத்தி. கி.மு. 103-இல் அநுராதபுரத்தைப் பறிகொடுத்த வலகம்பா அரசன் மறைந்து திரிந்த இடம் இது என்பது மரபு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் ஐவர் அடுத்தடுத்து ஆண்ட 14 வருடத்துக்குப் பிறகு அரசைத் திரும்பப் பெற்றவன், தனக்கு ஒதுங்க இடம் தந்த குகைகளைக் கோவிலாக்கினான் என்கிறார்கள். ஐந்து குகைகள். முதலாவதில் பாறையிலேயே செதுக்கிய, ஏறத்தாழ 14 மீற்றர் நீளமான சயனப் புத்தர். இரண்டாவதுதான் பெரியது. கூரை முழுவதும் ஓவியம்; கல் எங்கே ஏறி இறங்குகிறதோ அங்கேயெல்லாம் ஓவியமும் ஏறி இறங்குவதால், பந்தலில் துணி கட்டியதுபோல இருக்கிறது. உள்ளே விஷ்ணுவும் நிற்கிறார். நம் ஆட்கள் அவருக்கும் கும்பிட்டார்கள்.

வெளியே நின்று பாறையின் நெற்றியைப் பார்க்க வேண்டும். குகை வாசலுக்கு மேலே நீளத்துக்கு ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். மேலே பெய்யும் மழை கல்லோடு ஒட்டி வழிந்து உள்ளே வராமல், அந்த விளிம்பில் தட்டுப்பட்டு வெளியே சொட்டிவிடும். ஓடு போட்ட வீட்டின் இறவாரம் செய்யும் வேலைதான். 2,000 வருடத்துக்கு மேலாக உட்பக்கம் காய்ந்து இருப்பதற்கு அந்த ஒரு வெட்டு போதுமாக இருந்திருக்கிறது.

அப்படியும் இரண்டாவது குகையில் ஓரிடத்தில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீழே ஒரு பாத்திரம் வைத்து, சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். எந்தக் கோடையிலும் வற்றுவதில்லை என்று அங்கே சொல்வார்கள். ஐயா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. துளிகளை எண்ணிக்கொண்டு நின்றார். எத்தனை என்று துரிசடி நாலரை ஏக்கர்க்காரர் கேட்டார்.

"துளியை எண்ணேல்ல தம்பி. பாத்திரம் நிரம்பினாப் பிறகு எங்க வழியுது எண்டு பாக்கிறன்."

தம்புள்ளை மொத்த மரக்கறிச் சந்தையில் அரை மணி நேரம் நின்றார்கள். லொறிகள், மூட்டைகள், கூச்சல். நாட்டின் எந்த மூலையில் விளைந்த மரக்கறியும் இங்கே விலை பேசப்பட்டுத்தான் வேறு மூலைக்குப் போகிறது. வவுனியாவிலிருந்து வந்த கத்தரிக்காய் மூட்டையை அடையாளம் கண்டு ஒருவர் விலை கேட்டார். தான் கொடுத்த விலையை நினைத்துக்கொண்டு பேசாமல் பஸ்ஸில் ஏறிவிட்டார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

திரும்பும்போது கெக்கிராவையில் மேற்கே திரும்பிக் கலாவெவக் கட்டில் இறங்கியபோது மாலை 5 மணி. மகாவலித் தண்ணீர் 1976-இல் இருந்து இதற்குள் வருவதால் கோடையிலும் கடல்போல நிற்கிறது. கட்டில் நின்ற எல்லாருக்கும் பஸ்ஸில் கேட்ட கதை மனதில் இருந்தது. பெண்கள் சிலர் இறங்கித் தண்ணீரை அள்ளிப் பார்த்தார்கள். ஆனால் ஆண்களைப் பிடித்துவைத்தது குளம் அல்ல, அதிலிருந்து புறப்படும் வாய்க்கால்.

யோத எல, அல்லது ஜயகங்கை என்பது அதன் பெயர். இங்கிருந்து அநுராதபுரத்துத் திஸ்ஸ வாவி வரை 87 கிலோமீற்றர். முதல் 17 மைலுக்கு அதன் சரிவு மைலுக்கு 6 அங்குலம், அதாவது ஒரு சாணைவிடக் குறைவு. நீர்மட்டக் கருவி இல்லாத காலத்தில் இதை எப்படிப் பிடித்தார்கள் என்று இன்றைய பொறியியலாளர்களும் வியக்கிறார்கள். இன்னொரு விசேஷம், இதற்குப் பள்ளப் பக்கம் மட்டும்தான் கரை. மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கிறது. மழைக்கு மேட்டிலிருந்து வழிந்து வரும் தண்ணீரைத் தானும் சேர்த்துக்கொண்டு, வழியில் கிடக்கும் சிறுகுளங்களையும் நிரப்பிக்கொண்டு போகிறது. பெரிய குளங்களின் துரிசும் அப்படித்தான்: கட்டுக்குள் கல்லால் சதுரக் கிணறு இறக்கி, தண்ணீரின் வேகத்தை அதற்குள் அடக்கி, வேண்டிய அளவு விட்டார்கள். சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பது இதுதான். ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1909-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

நாலரை ஏக்கர்க்காரரின் மகன் உயர்தர வகுப்பில் கணிதம் படிப்பவன். கைப்பேசியில் கணக்குப் போட்டு, "அப்பா, கிலோமீற்றருக்கு 10 சென்ரிமீற்றரும் வராது" என்றான். அவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற கடைசி வாய்க்கால் பெண், யாரையும் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்: "எங்கட வாய்க்கால் முக்கால் மைல். அந்தக் கடைசிக்குத் தண்ணி வந்து மூன்று சிறுபோகம்."

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, "பன்றிநெல் எண்டால் என்னெண்டு தெரியுமோ தங்கச்சி உமக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும் அண்ணை. அதால நெல்லு வேண்டாம். பயறு போடலாம்."

அந்த யோசனையை அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் நெல் என்றே வைத்துத்தான் சண்டை பிடித்தார்கள். பயறு 60 முதல் 70 நாளில் முடியும். ஓர் ஏக்கர் நெல்லுக்கு விடும் தண்ணீரில் இரண்டு ஏக்கருக்குக் குறையாமல் பயறு செய்யலாம். விதைநெல்லே வயலுக்குள் போகாதபோது பன்றிநெல் கலக்க வழியில்லை. முளைக்கிற பன்றிநெல்லையும் பயிருக்குள் அடையாளம் கண்டு பிடுங்கிவிடலாம். நெல்லுக்குள் நின்றால் கதிர் வரும்வரை அதைப் பிரித்தறிவது கஷ்டம். மண்ணுக்கும் நல்லது. வட்டவிதானை ஐயா அங்கேயே கட்டில் குந்தியிருந்து தடியால் மண்ணில் கீறிக் கணக்குப் பார்த்தார். 12 ஏக்கர் நெல், 36 ஏக்கர் பயறு என்றார். பிறகு அழித்துவிட்டு 34 என்றார், "ஆவியாப் போறதையும் பாக்கோணும்" என்று.

பதினொரு நாள் கழித்து நடந்த போகக் கூட்டம் மூன்றரை மணி நேரம் ஓடியது. எல்லாரும் ஒத்துவரவில்லை. முன்வாய்க்காலில் இரண்டு குடும்பங்கள் தங்கள் காணியைக் கொடுக்க முடியாது என்று கடைசிவரை நின்றன. அவர்களுடைய காணியைச் சேர்க்காமலே 10 ஏக்கர் நெல், 28 ஏக்கர் பயறு என்று முடிவாயிற்று. நெல் விதைக்கிறவர் எல்லாரும் பதிவுசெய்த விதைநெல்லே வாங்க வேண்டும், வாங்கிய சீட்டை அமைப்பில் காட்ட வேண்டும் என்று குறிப்பு எழுதப்பட்டது. நாலரை ஏக்கர்க்காரர் ஒன்றரை ஏக்கர் விட்டுக் கொடுத்தார். கடைசி வாய்க்கால் பெண்ணுக்கு அதில் முக்கால் ஏக்கர்.

இதை அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த முக்கால் ஏக்கரில் பயறு இரண்டாம் தடவை பிடுங்க ஆயத்தமாக இருக்கிறது. வரப்பைச் செதுக்கும் கூலியைக் காணிக்காரர் கொடுப்பதா, செய்கிறவர் கொடுப்பதா என்ற பிணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை; அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.